சாரம் கட்டுமுன் கோபுரத்துப் பொந்துகளைப் பாருங்கள்

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று வைத்திருக்கிறோம். பாலாலயம் (திருப்பணி முடியும்வரை சாமியைத் தற்காலிக இடத்தில் வைக்கும் சடங்கு) முடிந்து சாரம் ஏறியதும் செடிகளைப் பிடுங்குவார்கள், பொந்துகளில் வலை அடிப்பார்கள். பழங்கட்டடப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: செடியை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் பல இடங்களில் தப்பாக எடுக்கிறார்கள். வலையை அவசரப்பட்டு அடிக்கவே கூடாது.

அரசோ ஆலோ, பறவை எச்சத்தோடு விழும் விதைக்குச் சாந்து விரிசலில் கொஞ்சம் ஈரம் போதும். சின்னச் செடியாக இருக்கும்போதே எடுத்தால் வேரோடு வந்துவிடும். விட்டால் வேர் செங்கல் இடுக்குகளில் புகுந்து பருக்கும். அப்புறம் இழுத்தால் சுதைச் சிற்பமும் சேர்ந்து பெயரும். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். சிலர் ஆசிட் ஊற்றுகிறார்கள். அது சுண்ணாம்பையே கரைத்துவிடும். தண்டை அறுத்த உடனே வெட்டுவாயில் மட்டும் களைக்கொல்லி தடவி, வேர் செத்தபின் எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைக்க வேண்டும். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்துப் பக்கத்துப் பூச்சையும் உரித்துவிடும்.

உயிர்களின் கதை வேறு. மாடத்துக்குக் கீழே கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடந்தால் மேலே கூகை என்ற ஆந்தை குடியிருக்கிறது. செரிக்காததை அது வாய்வழியாகக் கக்கியது அந்த உருண்டை. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால், மயிருக்கு நடுவே எலியின் மண்டையோடும் மஞ்சள் வெட்டுப்பற்களும் இருக்கும். சுற்றுவட்டார வயல்களில் எலி பிடிக்கிற பறவையைச் சாக்குருவி என்று விரட்டுகிறோமே, அதுதான் என் ஆதங்கம்.

வௌவாலுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தாமிரபரணிக் கரைக் கோயில்கள் பலவற்றில் அவை கூட்டமாக வாழ்கின்றன. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான். தாய் இரை தேடப் போன நேரத்தில் வழியை அடைத்தால் குட்டி உள்ளேயே செத்துப்போகும். பழந்தின்னி வௌவாலை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முன்பு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது.

எச்ச நாற்றம் பக்தர்களுக்குத் தொந்தரவு என்பது நியாயம்தான். குட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வௌவால்கள் வெளியே போன இரவில், கருவறைப் பக்கம் வலை போடுங்கள். கோபுரத்தில் ஆள் போகாத மேல்தளம் ஒன்றையாவது இருட்டாக, திறப்போடு விட்டுவையுங்கள். மதிப்பீடு போடும்போதே ஒரு சாயங்காலம் கோபுரத்தடியில் நின்று எந்தப் பொந்திலிருந்து எது வருகிறது என்று குறித்து, அந்தத் தாளை ஸ்தபதியிடம் கொடுங்கள். வேலை எந்த மாதம், எந்தத் தளத்தில் தொடங்குவது என்பதை அவர் அதை வைத்தே முடிவு செய்யலாம்.