கதவு திறக்கும்வரை மூச்சு விடாத கூட்டம்

ஒருவன் ஒரு பெண்ணை நிலவறையில் பூட்டி வைத்திருக்கிறான். படத்தின் பெரும்பகுதி அந்த ஒரே அறையில் நடக்கிறது. இப்படியொரு படம் சேலத்தில் ஓடினால், வெளியே வருகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்: “முதல் பாதி இழுவை.” அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தபோது அவர்களுடைய உடம்பு சொன்னது வேறு. வாய் சொல்லும் விமர்சனத்தைவிட உடம்பின் விமர்சனத்தையே நான் அதிகம் நம்புகிறேன்.

அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தினர் 2013-14 குளிர்காலத்தில் ஒரு திரையரங்கிலிருந்து காற்றை வெளியேற்றும் குழாயில் கருவியைப் பொருத்தினார்கள். 16 படங்கள், 108 காட்சிகள், ஏறத்தாழ 9,500 பார்வையாளர்கள். பதற்றமான கட்டங்களில் கார்பன் டை ஆக்சைடும் ஐசோப்ரீனும் சட்டென்று கூடின. அதே படத்தை வேறொரு கூட்டம் பார்த்தபோதும் அதே கட்டத்தில் கூடின. ஐசோப்ரீன் என்பது உடம்பிலேயே உண்டாகி, தசைகளில் தங்கியிருக்கும் ஒரு சேர்மம். தசை அசைந்தாலோ இறுகினாலோ அது ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனாலும் வரிசை வரிசையாகத் தொடைகளும் தோள்களும் இறுகியிருக்கின்றன. (கதவுகளைத் திறந்துவைத்துப் படம் ஓட்டிய நம் பழைய கொட்டகைகளில் இந்தச் சோதனை பலித்திருக்காது. பாதித் தகவல் தெருவுக்குப் போயிருக்கும்.)

ஏன் இறுக வேண்டும்? ஏற்காடு சாலையில் இன்று நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ, 1960-களில் வரிசையாகத் துப்பறியும் படங்கள் எடுத்தது. அந்த வகைப் படங்களில் துரத்தலும் அடிதடியும் உண்டு. பார்க்கிறவனும் சேர்ந்து கத்தலாம், கையை ஓங்கலாம். சிறைப்பட்டவளின் கதையில் ஓட இடம் கிடையாது. ஆபத்து வீட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் இந்த அறைக்கு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளிக்கென்றே மூளை ஒரு தனி வழியை வைத்திருக்கிறது. 2007-இல் லண்டனில் நடந்த ஆய்வு ஒன்றில், கணினித் திரையில் ஒரு பொம்மை வேட்டையாடி துரத்தியது. பிடிபட்டால் கையில் மின்னதிர்ச்சி. வேட்டையாடி தொலைவில் இருந்தபோது யோசிக்கும் முன்மூளைப் பகுதிகள் வேலை செய்தன. நெருங்க நெருங்க, பொறுப்பு நடுமூளையின் ஆழத்துக்குக் கைமாறியது. தப்பியோடுவதும் உறைந்து நிற்பதும் அங்கிருந்துதான் இயக்கப்படுகின்றன.

உறைந்து நிற்பதை அரங்கத்திலேயே பார்க்கலாம். திரையில் அவள் கொண்டை ஊசியை நிமிர்த்திச் சாவித் துவாரத்துக்குள் விடுகிறாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம். அப்போது திரையை விட்டுவிட்டுப் பக்கத்து வரிசையைத் திரும்பிப் பாருங்கள். பாப்கார்ன் எடுத்த கை மார்புக்கு நேரே நிற்கும். காலை ஆட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்தியிருப்பார். குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் விரல்கள் அப்படியே குழந்தையின் முதுகில் தங்கியிருக்கும். இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும் என்றுதான் நினைப்போம். உறைந்த நிலையில் துடிப்பு பெரும்பாலும் குறைகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு அதை மட்டுப்படுத்திவிடுகிறது. நெதர்லாந்தில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், உடம்பின் ஆட்டத்தை அளக்கும் ஒரு தட்டின் மேல் ஆட்களை நிற்கவைத்துக் கோபமான முகங்களைக் காட்டினார்கள். உடம்பின் இயல்பான ஆட்டமும் குறைந்தது, இதயத் துடிப்பும் குறைந்தது. அசையாத உயிரை வேட்டையாடி எளிதில் கண்டுபிடிக்காது. அசையாதபோது காதும் நன்றாகக் கேட்கும். செருப்புச் சத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான எதிர்வினை இல்லை.

பார்வையும் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 2015-இல் செய்த சோதனையில், படத்தைச் சுற்றி ஓரங்களில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மின்னவைத்தார்கள். பதற்றம் ஏறிய கணங்களில் ஓரத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதி அடங்கியது. நடுப்பகுதியைக் கவனிப்பது ஓங்கியது. முன் வரிசைச் செல்போன் வெளிச்சம் நம்மை எரிச்சலூட்டினால், இயக்குநர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த ‘இழுவை’க்கு வருவோம். பிரான்சில் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அச்சமூட்டும் படத் துண்டுகளைப் பார்த்தவர்கள் அதன்பின் திரையில் கொஞ்ச நேரம் காட்டிய ஒன்றை அதிக நேரம் தெரிந்ததாக மதிப்பிட்டார்கள். சோகமான துண்டுகள் அப்படிச் செய்யவில்லை. முதல் பாதியைக் குறை சொல்கிறவர்களில் சிலராவது சலித்துப்போனவர்கள் அல்லர், பயந்துபோனவர்கள் என்பது என் கணிப்பு.

சிறைக் கதைகளில் இன்னொரு தனி ஆயுதமும் உண்டு: காற்று. ஆய்வுலகில் எஸ்.எம். என்று மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலா இரு பக்கமும் அழிந்துவிட்டது. பாம்பைக் கையில் எடுத்தார்; பேய்ப்படம் அவரை அசைக்கவில்லை. ஆனால் 35 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு முறை முகமூடி வழியாக இழுக்கவைத்தபோது அலறிப்போனார். 2013-இல் வெளிவந்த அந்த ஆய்வு, மூச்சுத்திணறலின் பீதி அமிக்டலா இல்லாமலும் கிளம்பும் என்று காட்டியது. அறையின் துவாரம் அடைக்கப்படும் காட்சியில் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அப்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறுவது நடிப்பல்ல. எஸ்.எம். அனுபவித்ததன் அருகில்கூட அது வராது. என்றாலும் திரையில் அவளுக்கு நடப்பதில் ஒரு துளி நமக்கும் நிஜமாகவே நடக்கிறது.

இடைவேளைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. விளக்கு எரிகிறது, கதவு திறக்கிறது, பரோலில் வந்த கைதிகளைப் போலக் கூட்டம் கேன்டீனை நோக்கிப் பாய்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தவர்களை மறுபடி உறையவைக்க இயக்குநர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வகைப் படத்துக்காவது இடைவேளையை விட்டுவிடலாம். சமோசா விற்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

கடைசியில் அவள் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது விசில் பறக்கிறது. உளவியலாளர் டால்ஃப் ஸில்மன் 1971-இல் முன்வைத்த விளக்கம் இங்கே பொருந்தும்: பதற்றத்தில் ஏறிய உடல் கிளர்ச்சி உடனே வடிவதில்லை, அடுத்து வரும் உணர்வு எதுவோ அதன்மேல் ஏறிக்கொள்கிறது. அதனால் நிம்மதி இரட்டிப்பாகிறது. கோபமும் அப்படித்தான். ஸில்மனின் சோதனையே படம் பார்த்தவர்களிடம் வெளிப்பட்ட மூர்க்கத்தைப் பற்றியதுதான். பைக் ஸ்டாண்டில் டோக்கன் தொலைந்ததற்கு நடக்கும் சண்டை, வேறொரு நாளில் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உடற்பயிற்சி செய்தவர்களை வைத்து அவரும் சக ஆய்வாளர்களும் 1975-இல் பார்த்தபோது, பயிற்சி முடிந்த கையோடு கிளர்ச்சி அடுத்த உணர்வின்மேல் ஏறவில்லை. உடம்பு இன்னும் படபடக்கிறது என்று ஆளுக்கே தெரிந்திருந்தது. பழியைப் பயிற்சியின்மேல் போட்டுவிட்டார். சில நிமிடங்கள் கழித்து, தணிந்துவிட்டோம் என்று நினைத்து, ஆனால் உண்மையில் தணியாமல் இருந்தபோதுதான் அடுத்த உணர்வு பெருகியது. அரங்க வாசலில் அதிகம் சண்டை கிளம்பாமல், வரிசையில் நின்று வண்டியை எடுக்கும் நேரத்தில் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.