ஐயெல்ட்ஸ் வாசிப்பும் எழுத்தும்: பாடமாக்கும் பழக்கம் எங்கே காலை வாருகிறது?

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்க என்னிடம் வருபவர்களில் அநேகம் பேர் பேச்சுப் பரீட்சையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பெறுபேறு வந்த பிறகு பார்த்தால் பேச்சு நினைத்ததைவிட நன்றாகவே வந்திருக்கும். புள்ளி விழுந்திருப்பது எழுத்தில், அதற்கடுத்து வாசிப்பில். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தாதியர், வளாகத்தில் பட்டம் முடித்தவர்கள், கனடாவுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் என்று எல்லோரிடமும் இதையே பார்க்கிறேன். இவர்களில் பலருக்குத் தேவையான ஆங்கிலம் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்.

சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் நாம் பாடமாக்கித்தான் படித்தோம். குறிப்பைப் பாடமாக்கி, மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கி, தெரிந்ததையெல்லாம் தாளில் கொட்டினோம், புள்ளி வந்தது. ஐயெல்ட்ஸ் அந்தப் பழக்கத்துக்குப் புள்ளி தருவதில்லை. வாசிப்பில் பந்தியில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும், எழுத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுத வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டம்.

முதலில் ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பரீட்சையில் அகடமிக், ஜெனரல் ட்ரெய்னிங் என்று இரண்டு வகை உண்டு. பல்கலைக்கழகப் படிப்புக்கும், பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு செய்வதற்கும் அகடமிக். கனடாவில் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்துக்கு ஜெனரல். யாரோ சொன்னார்கள் என்று மாறிப் பதிந்து, நல்ல புள்ளி எடுத்தும் அந்தத் தாளைப் பயன்படுத்த முடியாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தின் இணையதளத்தில் எந்த வகை, எந்தப் பகுதிக்கு எத்தனை பேண்ட் (இந்தப் பரீட்சையின் புள்ளி அளவு) என்று நீங்களே பாருங்கள். பிரித்தானியத் தாதியர் பதிவுக்கு வாசிப்பில் 7 வேண்டும், எழுத்தில் 6.5 போதும். இப்படிப் பகுதிவாரியாகத் தெரிந்தால்தான் எதற்கு அதிக நேரம் ஒதுக்குவது என்று முடிவெடுக்கலாம்.

வாசிப்புக்கு வருவோம். 60 நிமிடம், 40 கேள்வி. அகடமிக் தாளில் மூன்று நீண்ட பகுதிகள். மூன்றையும் சேர்த்தால் 2,000 சொற்களுக்கு மேல் வரும். கேட்டல் பகுதியில் தாளில் எழுதுபவர்களுக்கு விடையைப் பார்த்தெழுதக் கடைசியில் 10 நிமிடம் தருவார்கள். வாசிப்பில் அது கிடையாது. கேள்வித்தாளில் குறித்து வைத்து, பிறகு விடைத்தாளில் எழுதலாம் என்று இருந்தால் மணி அடித்துவிடும்.

நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம், ஒரு கூற்றைத் தந்து ட்ரூ (சரி), ஃபால்ஸ் (பிழை), நாட் கிவன் (பந்தியில் சொல்லப்படவில்லை) என்று எழுதச் சொல்லும் கேள்விகள். வகுப்பில் நான் அடிக்கடி தரும் ஒரு சிறு பயிற்சியைச் சொல்கிறேன். பந்தியில் இப்படி இருக்கும்: "திருகோணமலைத் துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. ஆழமான நீர் இருப்பதால் பல ஐரோப்பிய நாடுகள் அதைக் கைப்பற்ற முயன்றன." கேள்வியில் உள்ள கூற்று: "திருகோணமலைத் துறைமுகம் கொழும்புத் துறைமுகத்தைவிட ஆழமானது." வகுப்பே ட்ரூ என்று எழுதும். ஒருமுறை ஒரு தாதி என்னோடு வாதாடவே செய்தார்.

"மிஸ், எங்கட துறைமுகம்தான் ஆழமெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே?"

"தெரியும் தங்கச்சி. ஆனா இந்தப் பந்தியில கொழும்பு எங்க இருக்கு?"

பந்தியில் கொழும்பே இல்லை. ஆகவே விடை நாட் கிவன். ஆழம் என்ற சொல் இரண்டிலும் இருப்பதும், விஷயம் நமக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதும் சேர்ந்து நம்மை இழுத்துக்கொண்டு போகின்றன. கூற்று "எந்த ஐரோப்பிய நாடும் இந்தத் துறைமுகத்தில் அக்கறை காட்டவில்லை" என்று இருந்திருந்தால் ஃபால்ஸ். பந்தி அதை நேராக மறுக்கிறது. பந்தி மறுத்தால் ஃபால்ஸ், பந்தி வாயே திறக்காவிட்டால் நாட் கிவன். ஒவ்வொரு விடைக்கும் பந்தியில் ஒரு வரியை விரலால் தொட்டுக்காட்டச் சொல்வேன். தொட முடியாவிட்டால் அந்த விடையை ட்ரூ என்றோ ஃபால்ஸ் என்றோ எழுத விடமாட்டேன். ஒன்றிரண்டு வாரம் இப்படிச் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிபட்டுவிடுகிறது.

இந்த வகைக் கேள்விகள் பந்தியின் ஒழுங்கிலேயே வரும் என்பதும் உதவும். மூன்றாம் கேள்வியின் விடை, இரண்டாம் கேள்வியின் விடைக்குக் கீழேதான் இருக்கும். பந்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்வி அப்படியல்ல. அங்கே ஒரு சொல் ஒத்துப்போகிறது என்று தலைப்பைத் தூக்கி வைக்காமல், பந்தி முழுவதும் எதைச் சொல்லவருகிறது என்று பார்க்க வேண்டும்.

இடைவெளி நிரப்பும் கேள்விகளில் போகும் புள்ளிகள்தான் எனக்கு அதிக வருத்தம் தருபவை. விடை தெரிந்தும் போகிற புள்ளிகள் அவை. உதாரணமாக, இரண்டு சொற்களுக்கு மேல் எழுதக்கூடாது என்று போட்டிருக்கும். மூன்று சொல் எழுதினால் விடை சரியாக இருந்தாலும் பிழைதான். பந்தியில் பன்மையில் உள்ள சொல்லை, கடைசி எஸ் விடுபட எழுதினாலும் பிழை. எழுத்துப்பிழையும் அப்படியே. கண்ணுக்கு முன்னால் அச்சில் இருக்கும் சொல்லைப் பார்த்தெழுதுவதுதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். இன்னொன்று, பிழையான விடைக்கு இங்கே புள்ளி கழிப்பதில்லை. எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

எழுத்துப் பகுதியும் 60 நிமிடம்தான். இரண்டு கேள்விகள். முதலாவது குறைந்தது 150 சொல், இரண்டாவது ஒரு கட்டுரை, குறைந்தது 250 சொல். இரண்டாவதுக்கு முதலாவதைப்போல இரண்டு மடங்கு பெறுமதி. இருந்தும் பலர் முதலாவதில் அரை மணித்தியாலத்தைக் கரைத்துவிட்டு, கட்டுரையை முடிவில்லாமல் விட்டுவிட்டு வருகிறார்கள். முதலாவதுக்கு 20 நிமிடம். அதோடு நிறுத்துங்கள்.

அகடமிக்கில் முதலாவது வரைபடமோ அட்டவணையோ, ஒரு செயல்முறையோ ஆக இருக்கும். நம்மவர்கள் அதிலுள்ள எண்களையெல்லாம் வரிசையாக எழுதிவிடுவார்கள். மொத்தத்தில் என்ன நடந்தது, எது ஏறியது, எது இறங்கியது என்று சொல்லும் இரண்டு வரி இல்லாவிட்டால் அந்த விடை மேலே போகாது. ஜெனரலில் கடிதம். கேள்வியில் மூன்று விஷயம் தந்து மூன்றையும் எழுதச் சொல்வார்கள். ஒன்று விடுபட்டாலும் புள்ளி குறையும். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவதுபோல் "தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் கொண்டுவருகிறேன்" என்ற தொனி வந்துவிடுவதையும் பார்க்கிறேன். யாருக்கு எழுதுகிறோம் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும்.

கட்டுரைக்குத்தான் பாடமாக்கும் பழக்கம் அதிகக் கெடுதல் செய்கிறது. "சுற்றுலாவின் நன்மைகள்" என்று ஒரு கட்டுரையைக் கரைத்துக் குடித்துவிட்டு ஒருவர் போகிறார். கேள்வியோ, சுற்றுலா ஓர் ஊரின் பண்பாட்டைக் கெடுக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், நீங்கள் எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள் என்று வருகிறது. அவர் வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி, உட்கட்டமைப்பு என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டு வருகிறார். பண்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. புள்ளி நான்கு அளவுகோல்களில் சம பங்காகப் பிரிகிறது: கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கருத்துகளைக் கோத்த விதம், சொல்வளம், இலக்கணம். அதில் முதலாவது இங்கே ஏறக்குறையப் போய்விட்டது. திருத்துபவர்கள் பாடமாக்கிய வாக்கியங்களைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே கேள்விக்கு நிலாவெளியிலிருந்து வரும் ஒரு பிள்ளை என்ன எழுதலாம்? வெளிநாட்டவர் வரும் காலத்தில் மீன்பிடிப் படகுகள் சில புறாத் தீவுக்கு ஆட்களை ஏற்றும் படகுகளாக மாறுகின்றன. தகப்பனுக்குக் கடல் தொழில். மகனுக்கு அது சுற்றுலாத் தொழில். வலை பின்னும் வேலை அந்த வீட்டிலிருந்து மெல்ல மறைகிறது. இது பண்பாட்டு மாற்றம் இல்லையா? சொந்த அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் உதாரணம் தருமாறு கேள்வியே சொல்கிறது. இணையத்தில் எடுத்த பொது வரிகளைவிட இது பல மடங்கு நல்ல உதாரணம். இதைச் சொல்ல பெரிய ஆங்கிலமும் தேவையில்லை. வாசிப்பில் சொந்த அறிவை ஒதுக்கிவைக்கச் சொன்னேன். அதற்கு இடம் இங்கேதான், கேள்வியோடு ஒட்டி நிற்கும்வரை.

இலக்கணத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், மற்றவற்றுக்குத் தனியாக எழுத வேண்டும். தமிழில் "காலையில் எழும்பி, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போனேன்" என்று ஒரே மூச்சில் சொல்லலாம், அழகாகவே இருக்கும். அதே ஓட்டத்தில் ஆங்கிலம் எழுதும்போது காற்புள்ளி மேல் காற்புள்ளியாகப் போட்டு, ஐந்து வரிக்கு ஒரு வாக்கியம் ஓடுகிறது. முற்றுப்புள்ளிக்குப் பயப்படாதீர்கள். எழுதி முடித்ததும் கடைசி மூன்று நிமிடத்தில் ஒவ்வொரு வாக்கியமாக எழுவாய் எங்கே, வினை எங்கே என்று தேடுங்கள். பன்மை எஸ், ஏ, த போன்ற சிறு சொற்கள் விடுபட்டிருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

தயவுசெய்து காசு விஷயத்தில் கவனமாக இருங்கள். "இந்த மாதம் வரப்போகும் கேள்விகள்" என்று வாட்ஸ்அப்பில் விற்பவர்களையும், பரீட்சை எழுதாமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்பவர்களையும் நம்பாதீர்கள். விண்ணப்பிக்கும் இடம் பெறுபேற்றை நேரடியாகச் சரிபார்க்கும். போலி பிடிபட்டால் விசா வாசலும் சேர்ந்து மூடிவிடும். இத்தனை பேண்ட் நிச்சயம் என்று உத்தரவாதம் தரும் வகுப்பையும் நான் நம்புவதில்லை. பரீட்சையை நடத்தும் பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி ஆகியவற்றின் இணையதளங்களில் மாதிரி வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை மணிக்கூடு வைத்துச் செய்யுங்கள். எழுதிய கட்டுரையைத் திருத்த மட்டும் ஒருவரைத் தேடுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

மாதிரித் தாள்களில் உங்களுக்குத் தேவையான புள்ளி தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு பரீட்சைக்குப் பதியுங்கள். பெறுபேறு பெரும்பாலும் 2 வருடத்துக்குத்தான் ஏற்கப்படும் என்பதால், விண்ணப்பம் தயாராகும் முன் அவசரப்பட்டு எழுதிவிடவும் வேண்டாம். எழுத்தில் அரை பேண்ட் மட்டும் குறைந்து, மற்றவை நன்றாக வந்திருந்தால் 6 வாரத்துக்குள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. புள்ளி உயர்ந்தால் அதைத் திருப்பித் தருவார்கள்.