12 வோல்ட் எப்படி 30,000 வோல்ட் ஆகுது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு: "என்கிட்ட பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் இருக்கு, முதல் தலைமுறை மாடல். ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சா மிஸ் அடிக்குது. 50,000 வோல்ட்னு போட்டு ஒரு காயில் விக்கிறாங்க, அதை மாட்டுனா பவர் கூடுமா?"

காயில்ங்கிறது பேட்டரியோட 12 வோல்ட்டை ஏத்தி, பெட்ரோலைப் பத்த வைக்கிற பொறிக்காக ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புற சுருள். அதுதான் பிரச்சனைன்னா மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டர்ல கலவை அப்பப்போ பத்தாம போறது, நிக்கும், இழந்த பவர் திரும்ப வரும், ஆனா புதுசா பவர் எங்கிருந்தும் வராது. ஏன்னு புரியணும்னா காயில் உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ஸ்கூல்ல படிச்சதுதான். ஒரு இரும்பு கோர், அதுல ரெண்டு தனித்தனி கம்பிச் சுருள், பேட்டரி பக்கம் இருக்கிற பிரைமரில சில நூறு சுத்து, பிளக் பக்கம் இருக்கிற செகண்டரில அதைவிட சுமார் 100 மடங்கு. சரி, 12 வோல்ட்டை 100ஆல பெருக்குனா 1,200 தான வருது? பிளக்ல பொறி தாவ 10,000, 20,000 வேணுமே? மீதி எங்கிருந்து வருது?

கரண்டை விடும்போது வரல, நிறுத்தும்போது வருது!

சுருளுக்குள்ள போற கரண்டுக்கு ஒரு பிடிவாதம் இருக்கு. ஆரம்பிக்கும்போது சட்டுனு ஏறாது, மெதுவாத்தான் ஏறும், ஏற ஏற கோரைச் சுத்தி காந்தப்புலம் சேரும். அப்புறம் ஓடிட்டு இருக்கும்போது திடீர்னு வழியை அடைச்சா நிக்கவும் ஒத்துக்காது, எப்படியாவது ஓடியே தீருவேன்னு தானே வோல்டேஜை ஏத்திக்கும். எவ்வளவு வேகமா நிறுத்துறோமோ அவ்வளவு ஏறும். 1831ல ஃபாரடே கண்டுபிடிச்ச தூண்டல்தான் இது. 12 வோல்ட் மட்டுமே பாத்த பிரைமரில அந்த நொடியில 300, 400 வோல்ட் எகிறும், அதை 100ஆல பெருக்குங்க, 30,000 வந்துருச்சு. சின்ன வயசுல ஒரு 9 வோல்ட் பேட்டரில ரிலே (மின்காந்தத்தால இயங்குற சின்ன ஸ்விட்ச்) காயிலை தொட்டு எடுக்கும்போது விரல்ல சுருக்குனு அடிச்சது, பேட்டரிய தனியா தொட்டா ஒண்ணுமே இல்ல, கம்பிய எடுக்கிற நேரத்துல மட்டும் அடிக்குது, அன்னைக்கு ராத்திரி பூரா அதையே நினைச்சிட்டு படுத்திருந்தேன். பரீட்சைக்கு சூத்திரம் எழுத வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிள்ளை கையிலயும் ஒரு ரிலேவ குடுக்கணும், அதுக்கு ஆகுற செலவு ஒண்ணும் பெருசில்ல.

இந்த நிறுத்துற வேலைய அந்தக் காலத்துல பாயிண்ட்னு சொல்ற ரெண்டு உலோகத் துண்டு செஞ்சுது. சார்லஸ் கெட்டரிங் கேடிலாக் கார்களுக்குக் கொண்டுவந்த முறை. பாயிண்ட் பிரியும்போது அந்த இடைவெளிலயே பொறி பறந்தா கரண்ட் சட்டுனு நிக்காது, பிளக்குக்கு ஒண்ணும் மிஞ்சாது, அதனாலதான் அந்தக் கரண்டை ஒரு கணம் வாங்கி வச்சுக்க பக்கத்துல ஒரு கண்டன்சர். இப்போ அந்த வேலைய டிரான்சிஸ்டர் பாத்துக்குது.

இனி அந்த 50,000க்கு வருவோம். வோல்டேஜ் ஏறிட்டே வரும்போது பிளக் இடைவெளில இருக்கிற காத்து தாங்க முடியாம உடையும் பாருங்க, அதோட ஏற்றம் முடிஞ்சுது, பொறி தாவிருச்சு. 15,000ல உடைஞ்சா உங்க காயில் அந்தப் பொறிக்குக் குடுத்தது 15,000 தான், பெட்டில என்ன எழுதியிருந்தாலும் சரி. எங்க உடையும்ங்கிறதை முடிவு பண்றது பிளக் இடைவெளியும் சிலிண்டருக்குள்ள இருக்கிற அழுத்தமும். ஐடில்ல அழுத்தம் கம்மி, சுலபமா தாவும். முழுசா மிதிக்கும்போது அழுத்தம் கூடுது, தேவையும் கூடுது, அதான் அப்போ மட்டும் மிஸ் அடிக்குது. பிளக்கை வெளில எடுத்து வச்சு பொறி நீலமா இருக்கு, காயில் நல்லாயிருக்குன்னு சொல்றதும் இதனாலதான் தப்பு. வெளிக்காத்துல சோர்ந்த காயில்கூட பொறி விடும்.

அப்போ நல்ல காயில்ல என்ன பாக்கணும்? எவ்வளவு எனர்ஜி சேருது, எவ்வளவு நேரத்துல சேருது, இது ரெண்டும்தான். சுருளோட தூண்டல் அளவு 5 மில்லி ஹென்றி, கரண்ட் 7 ஆம்பியர்னு வச்சுக்குங்க, சேர்றது சுமார் 0.12 ஜூல், அதாவது 100 கிராம் எடைய 12 சென்டிமீட்டர் தூக்குற அளவு. அவ்வளவுதான், ஆனா அதுவே பெட்ரோல் கலவைய பத்த வைக்க போதும். அதை நிரப்ப சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். ஒரே காயிலோட பொறிய ஒவ்வொரு பிளக்குக்கா பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் வச்ச பழைய 8 சிலிண்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்ல ஓடும்போது ஒரே காயில் செகண்டுக்கு 400 பொறி குடுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 2.5 மில்லி செகண்ட்தான், காயில் நிறையறதுக்குள்ளயே அடுத்தது வந்துரும். உங்க எம்எக்ஸ்-5ல அவ்வளவு நெருக்கடி இல்ல, ரெண்டு சிலிண்டருக்கு ஒரு காயில், ஒண்ணுல கலவை எரியும்போது இன்னொண்ணுல புகை வெளியேறுற நேரத்துல ஒரு பொறி வீணாப் போகும். 7,000ல ஒவ்வொரு காயிலுக்கும் 8.6 மில்லி செகண்ட் கிடைக்குது. பிளக்குக்கு ஒரு காயில்னு மாத்தி, முறைப்படி அந்தந்த சிலிண்டருக்கு மட்டும் பொறி விட்டா அது 17 ஆயிரும், காயில் சூடும் குறையும். சிலிண்டர் அழுத்தத்தைக் கூட்டுற டர்போ போடப் போறீங்கன்னா இது நல்ல மாற்றம், இல்லன்னா நல்ல நிலைல இருக்கிற ஒரிஜினல் வகையே போதும்னுதான் நான் சொல்வேன்.

ரெசிஸ்டன்ஸ் கம்மியான காயில்ல கரண்ட் வேகமா ஏறும், ஆனா அதே வேகத்துல அளவு மீறியும் போகும். பாயிண்ட் வச்ச கார்ல 0.7 ஓம் காயிலை நேரா மாட்டுனா 17 ஆம்பியர் வரைக்கும் போகப் பாக்கும், பாயிண்ட் கருகிரும். எவ்வளவு நேரம் கரண்ட் விடணும்ங்கிறதை அந்தக் காயிலுக்கு ஏத்த மாதிரி, கன்ட்ரோல் யூனிட்னு சொல்ற இன்ஜின் கம்ப்யூட்டர்ல மாத்தணும். பிளக் ஒயரைக் கழட்டி வச்சுட்டு இன்ஜினை ஓட்டாதீங்க, தாவ இடம் இல்லாத வோல்டேஜ் உச்சத்துக்குப் போய் காயில் இன்சுலேஷனையே துளைச்சிரும்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ராத்திரில வெளில நல்ல இருட்டான இடத்துல வண்டிய நிறுத்தி, பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓட விட்டு, எதையும் தொடாம கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற காயில்லருந்து வர்ற ஒயர் மேல நீலமா பொறி ஊர்ந்துச்சுன்னா, பிளக்குக்குப் போகவேண்டியது அங்கேயே ஒழுகிட்டு இருக்கு, ஒயரையும் பிளக்கையும் மாத்துங்க, காயில் அப்புறம்.