சிரிப்புக்கு எவ்வளவு தூரம் வேண்டும்?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், கடையில் தமிழ், ஆபீசில் மலையாளம். கரம் (நிலவரி) கட்டுவதானாலும் பிள்ளைக்கு ஜாதிச் சான்றிதழ் வாங்குவதானாலும் வில்லேஜ் ஆபீஸ் ஜன்னலில்தான் நிற்க வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே மலையாளம், வெளியே தமிழ். காலையில் அங்கே காத்திருந்து நொந்து வந்தவர்கள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டிவியிலோ போனிலோ 'மறிமாயம்' போட்டு வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

மழவில் மனோரமா சேனலில் 2011இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் அது. கதை முழுக்க அரசு அலுவலகங்களுக்குள் நடக்கும். மக்களை அலைய வைப்பது, கையூட்டு, தொலைந்துபோன கோப்பு, வராத அதிகாரி, இவைதான் அதன் சரக்கு. பத்து வருடத்துக்கு முந்தைய பகுதிகளை யூடியூபில் தேடியெடுத்து மறுபடி பார்ப்பவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அதே காலத்தில் வந்த அரசியல் கேலி நிகழ்ச்சி ஒன்றை இன்று போட்டால் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே பாதிப் பேருக்குப் புரியாது. ஆபீஸ் நகைச்சுவை மட்டும் ஏன் இவ்வளவு நாள் தாங்குகிறது? காலையில் கோபத்தைக் கிளப்பிய அதே காரியம் ராத்திரியில் எப்படிச் சிரிப்பைக் கிளப்புகிறது? நகைச்சுவையை ஆராயும் உளவியலில் இதற்கு நல்ல விடை இருக்கிறது.

பீட்டர் மெக்ரா, காலெப் வாரன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். நமக்குச் சிரிப்பு வர இரண்டு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும் என்கிறது அது. ஒன்று, ஏதோ ஒரு முறை மீறப்பட வேண்டும். இன்னொன்று, அந்த மீறலால் ஆபத்தில்லை என்று மனதுக்குத் தோன்ற வேண்டும். கிச்சுகிச்சு மூட்டுவதில் இதை அப்படியே பார்க்கலாம். நம்மை நாமே கூச வைத்தால் சிரிப்பு வராது, அங்கே மீறல் இல்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் இடுப்பில் கை வைத்தால் சிரிப்புக்குப் பதில் கோபம்தான் வரும், ஏனென்றால் அங்கே மீறல் மட்டுமே இருக்கிறது. மாமனோ அத்தையோ செய்தால் குழந்தை உருண்டு புரண்டு சிரிக்கும். தாக்குவது போலவும் இருக்கிறது, தாக்கவில்லை என்றும் தெரிகிறது.

ஒரு மீறல் எப்போது ஆபத்தில்லாததாக மாறுகிறது? இதை அறிய அந்தக் குழு ஒரு புயலைப் பயன்படுத்திக்கொண்டது. 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கியது. அந்தப் புயலைப் பற்றிய நகைச்சுவைக் குறுஞ்செய்திகளைப் புயலுக்கு முன்பும் பின்பும் வெவ்வேறு நாட்களில் மக்களிடம் காட்டி, எவ்வளவு சிரிப்பு வருகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். சேதத்தின் அளவு எல்லோருக்கும் உறைத்திருந்த 15ஆம் நாளில் சிரிப்பு மிகக் குறைவு. பிறகு மெல்ல ஏறி, 36ஆம் நாளில் உச்சத்தைத் தொட்டது. 99ஆம் நாளில் மறுபடி இறங்கிவிட்டது. வலி பக்கத்தில் இருக்கும்போது சிரிக்க முடிவதில்லை. ரொம்பத் தூரம் போய்விட்டாலோ சிரிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. நடுவில் ஒரு தூரம் இருக்கிறது, சிரிப்பு விளைவது அங்கேதான். 2014இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அழுகைக்கும் அலட்சியத்துக்கும் இடையே நகைச்சுவைக்கு ஒரு காலக்கெடு உண்டு என்பதை நாள் கணக்கோடு காட்டியது.

தூரம் என்பது நாட்களை மட்டும் சேர்ந்ததில்லை. காலம், இடம், ஆள், கற்பனை என்று நான்கு வகையில் மனம் ஒன்றைத் தள்ளி வைக்கிறது. போன மாதம் நடந்தது, வேறு ஊரில் நடந்தது, வேறொருவருக்கு நடந்தது, கதையில் நடந்தது. வலி பெரிதாக இருந்தால் அதிகத் தூரம் வேண்டும், சின்ன எரிச்சலுக்குக் கொஞ்சம் தூரமே போதும்.

இனி வில்லேஜ் ஆபீசுக்கு வருவோம். புயல் ஒருமுறை அடித்து ஓய்ந்துவிடும், காலம் அதைத் தள்ளிக்கொண்டே போகும். ஆபீஸ் அப்படி ஓய்வதில்லை. வருடா வருடம் கரம் கட்ட வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் வருமானச் சான்றிதழுக்கு நிற்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, வீட்டு நம்பர் வாங்க, பெரியவருக்குப் பென்ஷன் போட என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். காயம் சின்னது, ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி ஒரு கீறல் விழுகிறது. அதனால் அது உயிர் போகும் வலியாகவும் ஆவதில்லை, மறந்துபோன பழங்கதையாகவும் ஆவதில்லை. சாண்டி புயலுக்கு 36ஆம் நாளில் கிடைத்த அந்த நடுத்தூரம் அரசு அலுவலகத்துக்கு எப்போதும் இருக்கிறது. ஆபீஸ் நகைச்சுவை பழசாகாததற்கு முதற்காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எல்லையோரத்துத் தமிழர்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. மலையாளம் நமக்கு நன்றாகப் புரியும், ஆனாலும் வீட்டு மொழி இல்லை. திரையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் நம்மைப் போலவே அலைகிறார், வேறு மொழியில் புலம்புகிறார். நம் கதை, ஆனால் அரை அடி தள்ளி நடக்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலும் கன்னடத்திலும் அரசுக்கு எழுதும் உரிமையைத் தந்திருக்கிறது. உரிமை இருந்தாலும் அச்சடித்த படிவம் மலையாளத்தில் கைக்கு வரும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் நிரப்புகிறோம். அந்தத் தயக்கத்தோடு ஜன்னலில் நின்றவர்களுக்கு இந்தத் தொடர் இரண்டு மடங்கு ருசிக்கிறது.

அதிகாரத்துக்கும் சிரிப்புக்கும் உள்ள உறவையும் இங்கே பார்க்க வேண்டும். ரோஸ் கோசர் என்ற சமூகவியலாளர் ஒரு மனநல மருத்துவமனையின் ஊழியர் கூட்டங்களைக் கூர்ந்து கவனித்து 1960இல் எழுதினார். யார் கேலி பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். மூத்த மருத்துவர்களே அதிகம் கேலி பேசினார்கள், அது பெரும்பாலும் தங்களுக்குக் கீழே இருப்பவர்களைக் குறிவைத்தது. இளையவர்கள் மூத்தவரை நேருக்கு நேர் கேலி செய்யவே இல்லை. பணியிடத்தில் கேலி தண்ணீரைப் போல மேலிருந்து கீழாகத்தான் ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் அந்த வரிசையின் கடைசிப் படி. தொடர் இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடுகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி அதிகாரியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கலாம், நாளைக்கு நம் கோப்பு தாமதமாகாது.

உலகத்திலேயே பெயர்பெற்ற அலுவலக நகைச்சுவை என்றால் 'தி ஆபீஸ்'. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எழுதி இயக்க 2001இல் பிபிசியில் வந்தது. அமெரிக்க வடிவம் 2005 முதல் 2013 வரை ஒன்பது பருவங்கள், 201 பகுதிகள். ஸ்க்ரான்டன் என்ற ஊரில் காகிதம் விற்கும் ஒரு கம்பெனிக் கிளை, அவ்வளவுதான் கதைக்களம். தொடர் முடிந்து ஏழு வருடம் கழித்து, 2020இல் மட்டும் அமெரிக்கர்கள் அதை இணையத்தில் சுமார் 5,710 கோடி நிமிடங்கள் பார்த்தார்கள் என்று பார்வையாளர்களை அளக்கும் நீல்சன் நிறுவனம் கணக்குச் சொன்னது. ஊரடங்கில் ஆபீஸ் போக முடியாத வருடம் அது. தூரம் கூடிய வருடத்தில் ஆபீஸ் கதையைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

அந்தத் தொடரில் மேலாளர் மைக்கேல் ஸ்காட் வாயைத் திறந்தாலே நமக்கு உடம்பு கூசும். பிறர் அவமானப்படுவதைப் பார்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஸோரன் க்ராக் தலைமையிலான ஜெர்மானியக் குழு 2011இல் சோதித்தது. பிறர் உடல்வலியை நாம் பார்க்கும்போது இயங்கும் பகுதிகளே, முன்புறச் சிங்குலேட் புறணியும் இன்சுலாவும், அப்போதும் இயங்கின. எதிரில் இருப்பவர் தான் அவமானப்படுவதை உணராமல் இருந்தாலும் நமக்கு உறைக்கிறது. ஆக, அந்தக் கூச்சம் நிஜமாகவே ஒரு வலி, அதைச் சிரிப்பாக மாற்ற ஏதாவது ஒரு தணிப்பு வேண்டும். அங்கேதான் ஜிம் என்ற பாத்திரம் கேமராவைத் திரும்பிப் பார்க்கிறான். ஒரு நொடிப் பார்வை, ஒரு வார்த்தை கிடையாது. 'நீங்களும் பார்த்தீர்களா?' என்று நம்மிடம் கேட்பது போல இருக்கும். பக்கத்தில் ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார், கூச்சம் சிரிப்பாகிறது. அந்தத் தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. லண்டனில் 2019இல் சோஃபி ஸ்காட் குழு நாற்பது மட்டமான ஜோக்குகளைச் சிரிப்பொலி சேர்த்தும் சேர்க்காமலும் கேட்க வைத்தபோது, சிரிப்பொலி சேர்ந்தால் மதிப்பெண் கூடுவதைக் கண்டது. அந்தச் சிரிப்பொலி செய்யும் வேலையை இங்கே ஒரு பார்வை செய்கிறது என்பது என் கணிப்பு.

மறிமாயத்தின் உத்தி வேறு, அறிவியல் கண்ணோடு பார்த்தால் இன்னும் அழகானது. சத்தியசீலன், கோயா, மொய்து, மண்டோதரி, ப்யாரிஜாதன் என்று அதே ஆட்கள், அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அலுவலகம் மட்டும் பகுதிக்குப் பகுதி மாறும். பஞ்சாயத்து ஆபீஸ், கரண்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன். நேற்று வரை அங்கே இருந்தவர் இன்றைக்கு இங்கே எப்படி வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒன்றை நிலையாக வைத்து மற்றதை மாற்றிப் பார்ப்பார்களே, அதே முறை. இங்கே மனிதர்கள் நிலையாக இருக்கிறார்கள், துறை மாறுகிறது. இந்த ஆள் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வார் என்று பார்ப்பவரின் மூளை ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீடுகளில் இந்தக் கணிப்பு சத்தமாகவே நடக்கும். "பாருங்கக்கா, இப்ப நாளைக்கு வாங்கம்பான்" என்று ஒருவர் சொல்வார். "ம்ஹூம், சீல் இல்லைம்பான்" என்பார் அக்கா. யாருடைய கணிப்பு பலித்தாலும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் முகங்களோடு நாம் ஒருவழி உறவு வளர்த்துக்கொள்கிறோம் என்று டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே எழுதினார்கள். டிவி அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கோ அவர் கை பேனாவைத் தேடும் விதம் கூடத் தெரியும். சத்தியசீலனாக நடிக்கும் மணிகண்டன் பட்டாம்பி பெயரிலேயே எங்கள் மாவட்டத்து ஊர் ஒட்டியிருப்பதால், அவரைத் தெரிந்தவர் போலவே பேசிக்கொள்வார்கள்.

ஏற்கெனவே பார்த்த பகுதியை மறுபடி பார்ப்பதும் இந்த உறவோடு சேர்ந்ததுதான். முடிவு முன்பே தெரிந்தால் கதை கெட்டுவிடுமா என்று சான் டியாகோவில் இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து 2011இல் வெளியிட்டபோது, முடிவு தெரிந்து படித்தவர்களே கதையைக் கூடுதலாக ரசித்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எதிர்மாறான முடிவும் வந்ததால் துப்பறியும் கதைக்கெல்லாம் இதை நீட்ட மாட்டேன். ஆனால் மனிதர்களை நம்பி நடக்கும் நகைச்சுவைக்குப் பொருந்தும். அடுத்து என்ன என்ற கவலை போய்விட்டால் கண் முகத்தின் மேல் நிற்கிறது. முதல் தடவை கோப்பு கிடைத்ததா என்று பார்த்தோம், மூன்றாம் தடவை மூலையில் நிற்கும் ப்யூனின் புருவத்தைப் பார்க்கிறோம்.

இதையெல்லாம் தனியாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். சிரிப்பைத் தெருவிலும் கடைவீதியிலும் போய் ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன், தனியாக இருக்கும்போதைவிட ஆட்களோடு இருக்கும்போது நாம் சுமார் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று கண்டார். அவர் கவனித்த 1,200 சிரிப்புகளில் ஜோக் போன்ற ஏதோ ஒன்றைத் தொடர்ந்து வந்தவை 10 முதல் 20 சதவீதமே. மற்றதெல்லாம் சாதாரணப் பேச்சுக்கு நடுவே வந்தவை. பின்லாந்தின் துர்க்கு நகரில் பன்னிரண்டு ஆண்களை நண்பர்களோடு அரைமணி நேரம் நகைச்சுவைக் காட்சிகள் பார்க்க வைத்துப் பிறகு மூளையைப் படமெடுத்தார்கள். உடலே சுரக்கும் வலிநீக்கிகளான ஓபியாய்டுகள் கூடியிருந்தன. 2017இல் வந்த ஆய்வு. சேர்ந்து சிரித்தபின் உடம்பு லேசானது போல இருப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு வேதியியல் இருக்கிறது. வேகமான மலையாளம் பிடிபடாத பாட்டி, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிப்பார். அது பொய்ச் சிரிப்பில்லை. சிரிப்பொலி காதில் விழுந்தவுடன் முகத்தசைகளைச் சிரிப்புக்குத் தயார்செய்யும் மூளைப்பகுதி இயங்கத் தொடங்கிவிடுகிறது என்பது 2006இலேயே லண்டன் ஆய்வில் தெரிந்துவிட்டது. பாட்டிக்கும் அந்த ஓபியாய்டில் பங்கு உண்டு.

மறிமாயத்தின் அதே குழு 2024இல் 'பஞ்சாயத்து ஜெட்டி' என்று ஒரு திரைப்படமும் எடுத்தது. அதே வருடம் ஜனவரி 1 அன்று கேரளம் உள்ளாட்சிச் சேவைகளுக்கு 'கே-ஸ்மார்ட்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் போனுக்குள் போகின்றன. ஜன்னலில் நின்றே பழகாத பிள்ளைகளுக்கு இந்தச் சிரிப்பு புயலின் 99ஆம் நாளைப் போலத் தூரமாகிவிடுமா? தூரக் கொள்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் காகிதக் கம்பெனியை வாழ்நாளில் பார்த்திராத கல்லூரி மாணவர்கள் 'தி ஆபீஸ்' பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அரசுச் சேவைகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உதவும் அக்ஷயா சென்டரில் ஓடிபி வராமல் காத்து நிற்கும்போது "சத்தியசீலன் உள்ள உக்காந்திருப்பான்டா" என்று சொல்லத்தான் செய்வார்கள் என்பது என் நம்பிக்கை.