அட்டாச்மென்ட் – ஒட்டுதல்

‘அட்டாச்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வடசென்னையில் பல பொருளில் புழங்குகிறது. மின்னஞ்சலோடு செல்லும் கோப்புக்கு ‘இணைப்பு’ என்ற தமிழ்ச் சொல் நிலைத்துவிட்டது. கடனுக்காகச் சொத்தை முடக்கும் நீதிமன்ற ஆணையை மக்கள் ‘ஜப்தி’ என்கிறார்கள். “அவன்மேல ரொம்ப அட்டாச் ஆயிட்டேன்” என்று காதலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தையே நாடுகிறார்கள். முளைக்கம்பைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த இது, ஆங்கிலத்தில் முதலில் ஆளைப் பிடிப்பதையும் பொருளைக் கைப்பற்றுவதையுமே குறித்தது. அன்பு என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது.

உளவியலில் இதைக் கலைச்சொல்லாக்கியவர் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பவுல்பி. அச்சத்திலும் நோயிலும் களைப்பிலும் குழந்தை குறிப்பிட்ட ஒருவரையே தேடி நெருங்குகிறது என்பதும், அவர் அருகில் இருக்கும் தெம்பில்தான் துணிந்து விளையாடப் போகிறது என்பதும் 1958-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 1969-இல் வெளிவந்த நூலிலும் அவர் விரித்த கருத்தின் சாரம். பாலூட்டுவதால் மட்டும் இது உண்டாவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் ஆய்வில், குரங்குக் குட்டிகள் பால் தந்த கம்பிப் பொம்மையை விட்டு, மெத்தென்ற துணிப் பொம்மையையே பெரும்பாலும் கட்டிக்கொண்டிருந்தன. காதலர்க்கிடையேயும் இதே இயக்கம் உண்டு என்று 1987-இல் உளவியலாளர்கள் சிண்டி ஹேசனும் பிலிப் ஷேவரும் எழுதினர்.

இதற்குப் ‘பற்று’ என்பது பலரும் எடுத்தாளும் சொல். எனக்கு அது உடன்பாடில்லை. “பற்றுக பற்றற்றான் பற்றினை” என்ற குறள் வழியே வளர்ந்த நமக்குப் பற்று என்றாலே விட வேண்டியது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பவுல்பியோ இதை உயிர் காக்கும் இயல்பாகவே கண்டார். ‘பிணைப்பு’ இருபக்கமும் சமமாகக் கட்டுண்ட நிலையைச் சுட்டுவதால், ஒருவரை நாடிச் செல்லும் திசை அதில் மறைந்துபோகிறது.

பொருத்தமான சொல் நம் வீடுகளிலேயே இருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்க விடியுமுன் புறப்படும் தாய், “புள்ள என்னவிட ஆயாகிட்டதான் ஒட்டுதலா இருக்கு” என்பாள். பெற்றவளோடு நில்லாமல், அழும்போது அணைக்கிற பாட்டியிடமும் குழந்தை ஒட்டும் என்ற உண்மை அப்பேச்சிலேயே அடங்கியிருக்கிறது. சொல்லின் வேரும் பழையது: குறளில் ‘ஒட்டார்’, அதாவது ஒட்டாதவர், என்றால் பகைவர். ஒட்டினான், ஒட்டவில்லை, ஒட்டுறவு என்று வளைந்து கொடுக்கும் வசதி ‘பற்று’க்கோ ‘பிணைப்பு’க்கோ இந்த அளவுக்கு இல்லை.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் குழந்தைகளைக் கவனித்துப் பிரித்த வகைகளை நம்பும் ஒட்டுதல், பதறும் ஒட்டுதல், விலகும் ஒட்டுதல் எனலாம். கடைசி வகையை ‘ஒட்டாமை’ என்று எழுதுவது பிழை. சிறிது நேரம் பிரிந்திருந்த தாய் திரும்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையில் மூழ்கும் அக்குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாகத் தெரிந்தவர்கள் உள்ளே கலங்கியிருந்தது தெரியவந்தது, அவர்களும் ஒட்டியவர்களே.