மஞ்சளான தக்காளிக்கு யூரியா போடாதீர்கள்!

இந்தப் புரட்டாசியில் இது ஒன்பதாவது போன். "சார், தக்காளி மஞ்சளாகிக்கிட்டே வருது. யூரியா ரெண்டு தடவை போட்டாச்சு, எப்சம் உப்பும் போட்டாச்சு. இன்னும் என்ன போடணும்?"

வடசென்னையில் ஒரு மொட்டை மாடி. நேரிலேயே போய்விட்டேன். பன்னிரண்டு குரோ பேக். ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்டிக் தட்டு, தட்டு நிறைய முந்தைய நாள் மழைத்தண்ணீர். பையைச் சாய்த்துப் பார்த்தால் அடி ஓட்டைகளில் செலோ டேப்! செம்மண் வடிந்து தரை கறையாகிறது, கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுகிறாராம். ஒரு செடியைப் பிடுங்கினேன். குப்பென்று சாக்கடை வாடை. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறிக் கிடந்தது. விரலால் உருவியதும் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். போன் செய்த அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது அவர்மேல் அல்ல, "இலை மஞ்சளா? இதைப் போடுங்க" என்று அரை நிமிடத்தில் வைத்தியம் சொல்லும் வீடியோக்கள்மேல்.

மஞ்சளானால் பசி, வாடினால் தாகம். இந்தக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். சித்திரையில் அது பாதி சரியாக இருக்கலாம். ஐப்பசியில் பெரும்பாலும் தப்பு. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, காற்றும் அவ்வளவு முக்கியம். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரையும் இழுக்க முடியாது, சத்தையும் இழுக்க முடியாது. அதனால்தான் தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது, உரத்தில் நின்றுகொண்டே மஞ்சளாகிறது. அதன் தலையில் இன்னும் யூரியாவைக் கொட்டுவது, வாந்தி எடுக்கும் பிள்ளைக்குப் பிரியாணி ஊட்டுவது போலத்தான். திரும்பவும் சொல்கிறேன்: மண் ஈரமாக இருக்கும்போது செடி வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், உரமும் போடாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வையுங்கள்.

இன்னொன்று. கோடையில் கலந்த அதே மண்கலவையை மழைக்கும் வைத்துக்கொள்வது. தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். வெயில் காலத்தில் அது வரம், அடைமழையில் வில்லங்கம். இப்போது நார்க்கழிவைக் குறைத்து, கொஞ்சம் பருமணல் சேருங்கள். மண்புழு உரத்தோடு, வேரழுகலைத் தடுக்க உதவும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து விடுங்கள். நடுவதற்கு முன்பே. அழுகிய பிறகு கொண்டுவந்து கொட்டி, "வேலை செய்யலையே சார்" என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பைகளை இரண்டிரண்டு செங்கல்மேல் ஏற்றுங்கள். தட்டுகளை இன்றே எடுங்கள், டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் சருகும் நாரும் அடைத்திருக்கும், மழைக்கு முன் ஒருமுறை கைவிட்டு அள்ளுங்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் இப்போதே கொம்பு நட்டுக் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து இறக்கிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன், கீழே ஆள் நடமாடும் தெரு.

ஆடிப்பட்டம் தப்பிவிட்டதே என்று மலைக்க வேண்டாம். சிறுகீரை, முள்ளங்கியை மழை விட்ட இடைவெளியில் விதைக்கலாம். முள்ளங்கி நாற்பத்தைந்து நாளில் கைக்கு வரும். கீரை விதையைத் திறந்தவெளியில் தூவினால் ஒரே மழையில் மொத்தமும் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும், மேலே நிழல்வலை கட்டுங்கள். தக்காளி, மிளகாய் நாற்றைக் கூரைக்குக் கீழே வளர்த்து, கார்த்திகைக் கடைசியில் மழை தணிந்ததும் நடுங்கள். ஆடியில் போட்ட அவரை இன்னும் பூக்கவில்லையே என்று பிடுங்கிவிடாதீர்கள். பழைய நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும், மார்கழி வரை பொறுங்கள்.

டேப்பைப் பிரித்தால் தரை கறையாகத்தான் செய்யும். கீழ்வீட்டுக்காரர் திட்டினால் போனை என்னிடம் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.