கோதுமை இலையில் ஒட்டும் மஞ்சள் பொடி

ஜனவரிப் பனியில் ஹரியானாவின் யமுனாநகர் பக்கம் கோதுமை வயலுக்குள் இறங்கினால் பேண்ட் முழங்கால் வரை நனைந்துவிடும். துரு என்ற பூஞ்சாண நோய் பிடித்த வயலாக இருந்தால் அந்த ஈரத்தோடு மஞ்சள் கறையும் ஏறும்.

பயிர் நோய்க் கண்காணிப்புக்காக அப்படி இறங்கிய ஒரு வயலில், பாப்ளர் மர நிழலோரம் ஒரு திட்டு மட்டும் மஞ்சளாக இருந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து, அந்த விவசாயி கூடுதலாக ஒரு மூட்டை யூரியா போட்டிருந்தார். நான் ஓர் இலையைப் பறித்து வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தேன். மஞ்சள் தூள் அப்பிக்கொண்டது. சத்தில்லாமல் வெளுத்த இலையில் பொடி வராது. பொடி வந்தால் மஞ்சள் துரு. யூரியா கூடக் கூட அது இன்னும் வேகமாகப் பரவும்.

எட்டு வருடமாக ஒரே ரகம்தான் விதைக்கிறேன், ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை என்றார். எனக்குப் பயம் வந்தது அதைக் கேட்டுத்தான். துருப் பூஞ்சாணம் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும். 1995-இல் வெளியான பிபிடபிள்யூ 343 ரகம் வடமேற்கு இந்தியாவில் அவ்வளவு பரவலாகப் பயிரானது. அதன் எதிர்ப்புச் சக்தியை உடைக்கும் புது வகைத் துரு வந்ததும், அந்த ரகம் போட்ட வயல்களுக்கெல்லாம் ஒன்றாக ஆபத்து வந்தது.

கர்னாலில் உள்ள இந்திய கோதுமை மற்றும் பார்லி ஆராய்ச்சி நிறுவனம் ஓயாமல் புது ரகம் கொண்டுவருவது இதனால்தான். சிம்லா ஃபிளவர்டேலில் உள்ள அதன் நிலையம் துரு வகைகளை உயிரோடு வளர்த்து வைத்திருக்கிறது. வெளியீட்டுக்கு வரும் ரகங்களின் நாற்றுகளில் அவற்றை ஏற்றி, தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கோடையில் இமாச்சல மலைப்பகுதியான லாகூலின் தாலங் மைதானில் இன்னொரு போகம் எடுத்து, ரக உருவாக்கத்தில் காலத்தை மிச்சப்படுத்துகிறார்கள். டிபிடபிள்யூ 187, 222, 303 ரகங்கள் எல்லாம் கர்னாலிலிருந்து வந்தவை.

நம் நீலகிரிக்கும் இதில் பங்குண்டு. சமவெளியின் கோடை வெயிலில் துரு வித்துகள் பிழைக்காது, மலைகளில்தான் தங்குகின்றன என்று கண்டறிந்தவர் தாவர நோய் விஞ்ஞானி கே.சி. மேத்தா. இன்னொரு வகைத் துருவான கருந்துரு நீலகிரி, பழனி மலைகளில் தங்கிக் காற்றோடு வடக்கே போகிறது. மஞ்சள் துரு இமயமலைப் பக்கமிருந்து இறங்குகிறது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஐஏஆர்ஐ) நீலகிரி வெலிங்டன் நிலையம் துருவைத் தாங்கும் ரகங்களைத் தேடுவது அதனால்தான்.

சரி, திட்டைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? காத்திருக்கக் கூடாது. புரோபிகோனசோல் 25 ஈசி என்ற பூஞ்சாணக்கொல்லி மருந்தை லிட்டருக்கு 1 மில்லி கணக்கில், ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். அந்த விவசாயி அன்றே தெளித்தார். பயிர் பெரும்பாலும் தப்பியது.

இப்போது அவர் நிலத்தைப் பிரித்து மூன்று ரகம் விதைக்கிறார். ஆனாலும் ஜனவரி வந்தால் முதலில் அந்த பாப்ளர் நிழலுக்குத்தான் போகிறார், கையில் ஒரு வெள்ளைத் துணியோடு.